ஒரு மா பருத்திக்கு வேண்டிய எண்கள்

காவிரி டெல்டாவில் உழவு நெடுங்காலமாகவே எண்களைப் பார்த்துச் செய்யும் தொழில். மேட்டூரில் நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எத்தனை கன அடி, திறப்பு எத்தனை கன அடி என்று நாளிதழில் தேடிப் படிப்பவர்கள் தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை ஊர்களில் இன்றும் ஏராளம். 120 அடி முழு நீர்மட்டமும் 93.47 டி.எம்.சி. கொள்ளளவும் கொண்ட அந்த அணை 1934-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது மரபு. குறுவை போடலாமா, ஒருபோகச் சம்பாவோடு நிறுத்திக்கொள்ளலாமா, நாற்றுவிட்டு நடலாமா, நேரடியாக விதைக்கலாமா என்பதெல்லாம் அந்த எண்ணை வைத்தே முடிவாகின்றன. ஆனால் அணை மூடியபின், சம்பாவும் தாளடியும் அறுவடையான வயலில் தொடங்குகிற பருத்திக்கு அந்த எண் வழிகாட்டுவதில்லை. அந்தப் பயிருக்கு வேறு எண்கள் வேண்டும். அவை எவை, யார் எடுப்பது, யாருடைய கையில் இருப்பது என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி. டெல்டாப் பருத்திக்குத் துல்லியப் பண்ணையம் பொருந்தும் என்பது என் முடிவு. ஆனால் ஒரே வயலுக்குள் மூலைக்கு மூலை உள்ள வேறுபாட்டைத் தேடுகிற துல்லியம் இங்கே காசுக்கு ஆகாது. வயலுக்கு வயல் உள்ள வேறுபாட்டையும் வாரத்துக்கு வாரம் நடக்கும் மாற்றத்தையும் பிடிக்கிற துல்லியம்தான் வேண்டும். அதற்கான கருவிகள் பெரும்பாலும் மலிவானவை. அளந்ததைப் பலர் சேர்ந்து பயன்படுத்தும் ஏற்பாடுதான் இன்னும் சரியாக அமையவில்லை.

முதலில் பயிரைப் பார்ப்போம். வேளாண் துறையினர் இதை நெல் தரிசுப் பருத்தி என்பார்கள். ஜனவரி மூன்றாம் வாரத்திலிருந்து பிப்ரவரி நடுப்பகுதிக்குள் விதை ஊன்ற வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. எம்.சி.யு. 7, எஸ்.வி.பி.ஆர். 3 போன்ற குறைந்த வயதுடைய ரகங்கள் இதற்கெனவே சொல்லப்பட்டவை. இன்று தனியார் நிறுவனங்களின் பி.டி. கலப்பினங்களும் பரவலாக விதைக்கப்படுகின்றன. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் நெல்லுக்கு இட்ட உரத்தின் மிச்சமும் தொடக்கத்தில் கைகொடுக்கும். அதே நெல் ஒரு தடையையும் விட்டுவிட்டுப் போகிறது. சேறாக உழுது உழுது மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே இறுகிப்போன அடுக்கு ஒன்று உருவாகியிருக்கும். நெல்லுக்குத் தண்ணீரைத் தேக்கிக் கொடுத்த அந்த அடுக்கே, ஆழமாக இறங்கத் துடிக்கும் பருத்தியின் ஆணிவேரை மறிக்கிறது. இதைவிடக் கடினமானது நாட்காட்டி. பிப்ரவரி 10-இல் ஊன்றிய 135 நாள் பயிர் ஜூன் 25-இல்தான் முடியும். ஜூன் 12-இல் அணை திறந்தால் குறுவைக்கு அந்த நிலம் வேண்டும். எனவே பருத்தி இரண்டு நெல்லுக்கு நடுவே, தொடக்கத்திலும் முடிவிலும் இடநெருக்கடியோடு வளர்கிறது. ஒரு வாரம் தவறினாலும் இந்தப் பயிரில் அது பணமாகத் தெரியும்.

துல்லியப் பண்ணையம் என்ற எண்ணம் வேறு வகையான நிலத்தில் பிறந்தது. அமெரிக்காவில் 1990-களில், நூற்றுக்கணக்கான ஏக்கர் பரந்த ஒரே வயலை ஒரே அளவு உரம் போட்டு நடத்துவது வீண் என்று கண்டவர்கள், வயலைக் கட்டங்களாகப் பிரித்து மண் எடுத்தார்கள். அறுவடை இயந்திரத்தில் விளைச்சல் அளக்கும் உணரியைப் பொருத்தினார்கள். கட்டத்துக்குக் கட்டம் உர அளவை மாற்றித் தூவும் இயந்திரங்களைச் செய்தார்கள். ஜி.பி.எஸ். குறிகையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே வைத்திருந்த பிழை 2000 மே மாதம் நீக்கப்பட்டதும் இந்த வழி இன்னும் எளிதானது. அந்த முறை முழுவதும் ஓர் அனுமானத்தின்மேல் நிற்கிறது: வயல் பெரியது, வேறுபாடு அதற்குள்ளேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு நிலவுடைமையின் சராசரிப் பரப்பு, 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, 0.75 ஹெக்டேர். அதுவும் ஒரே துண்டாக இருப்பதில்லை. தஞ்சைப் பக்கத்தில் இன்னும் புழங்கும் மா என்ற அளவு ஏறத்தாழ 33 சென்ட், அதாவது சுமார் 1,335 சதுர மீட்டர். இருபது மா ஒரு வேலி. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் தரும் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஒரு மாவுக்குப் பதின்மூன்று புள்ளிகள் கிடைக்கும். அவற்றில் ஏறத்தாழப் பாதி, வரப்பையும் அடுத்த வயலையும் சேர்த்தே காட்டும். ஆறேழு புள்ளிகளை வைத்துக்கொண்டு வயலின் வடமூலைக்கு ஓர் உர அளவு, தென்மூலைக்கு ஓர் உர அளவு என்று வகுப்பதில் பொருளில்லை.

சின்ன வயல்கள் என்பதால் வேறுபாடே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கல்லணைக்குக் கீழே வெண்ணாறும் காவிரியும் பாயும் பழைய டெல்டாவில் களத்தூர், ஆடனூர் வரிசைக் களிமண்கள். 1934-க்குப் பிறகு கல்லணைக் கால்வாய் கொண்டு பாசனம் பெற்ற ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பகுதிகளில் இளகிய செம்மண் சாயல் கொண்ட மதுக்கூர், பட்டுக்கோட்டை வரிசை மண்கள். இது பெரிய அளவிலான வேறுபாடு. அடுத்தடுத்த வயல்களுக்குள் இருக்கும் வேறுபாட்டை எடுத்துக்காட்டிய சோதனையும் இந்த மண்ணிலேயே நடந்திருக்கிறது. 1990-களின் இறுதியில் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஆறு ஆசிய நாடுகளில் எட்டுப் பாசனப் பகுதிகளைத் தேர்ந்து, வயலுக்கேற்ற உரமிடல் சோதனைகளை உழவர்களின் வயல்களிலேயே நடத்தியது. எட்டில் இரண்டு ஆடுதுறையும் தஞ்சாவூரும். முறை மிக எளியது. வயலின் ஒரு சிறு பகுதிக்குத் தழைச்சத்தை மட்டும் இடாமல் விடுவார்கள். இன்னொரு பகுதிக்கு மணிச்சத்தை, மற்றொன்றுக்குச் சாம்பல்சத்தை விடுவார்கள். அந்தச் சிறு பகுதிகளில் கிடைக்கும் விளைச்சல், மண் தானாகவே எவ்வளவு தருகிறது என்று சொல்லிவிடும். ஒரே மாதிரி மண், ஒரே பாசனம் என்று நினைத்த சிறு பகுதிக்குள்ளேயே வயலுக்கு வயல் அந்த இயல்பு வளம் பெரிதும் வேறுபட்டது. அதற்கேற்ப உரத்தை மாற்றியபோது, இட்ட தழைச்சத்தில் பயிர் எடுத்துக்கொண்ட பங்கு எட்டுப் பகுதிகளின் சராசரியில் 31 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக உயர்ந்தது. எந்த உணரியும் இல்லாமல், உரமிடாத ஒரு பாத்தியையும் ஒரு தராசையும் கொண்டு பெற்ற அறிவு இது.

இதோடு மத்திய அரசின் மண்வள அட்டையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2015 பிப்ரவரியில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பாசன நிலத்துக்கு 2.5 ஹெக்டேருக்கு ஒரு மண் மாதிரி என்று வகுத்தார்கள். 2.5 ஹெக்டேர் ஏறத்தாழ ஒரு வேலி. ஒரு வேலியில் நான்கைந்து பேரின் வயல்கள் இருக்கலாம். ஒருவர் ஆண்டுதோறும் தொழுவுரம் போட்டிருப்பார், மற்றவர் போட்டிருக்க மாட்டார். ஒருவர் உளுந்து தெளித்திருப்பார், மற்றவர் தரிசாக விட்டிருப்பார். பன்னிரண்டு அளவுகள் அச்சிட்ட ஒரே அட்டை அத்தனை பேருக்கும் போகும். அட்டையின் நோக்கம் நல்லது, ஆய்வும் நேர்மையாக நடந்திருக்கலாம். ஆனால் வேறுபாடு எந்த அளவில் இருக்கிறதோ அந்த அளவில் அளக்கவில்லை என்பதே அதன் குறை. ஆறு பச்சை நிறங்கள் அச்சிட்ட ஒரு பிளாஸ்டிக் பட்டை, அதாவது இலை வண்ண அட்டை, இந்த விஷயத்தில் அதைவிடத் துல்லியமானது. நட்ட பதினான்காம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை நெல்லின் இலையை அதனோடு ஒப்பிட்டு, நிறம் 4-க்குக் கீழே இறங்கினால் மேலுரம் இடு, வெள்ளைப் பொன்னிக்கு 3 போதும் என்று பல்கலைக்கழகம் சொல்கிறது. அந்த வயலை, அந்த வாரத்தில், அந்தப் பயிரையே கேட்டு முடிவெடுக்கும் முறை அது.

பருத்திக்கு அப்படி ஓர் அட்டை தேவையில்லை, ஏனென்றால் செடியே தன் நிலையை எழுதிவைத்திருக்கிறது. நெல்லைப் போலப் பருத்தி ஒரே மூச்சில் பூத்து ஒரே மூச்சில் முற்றும் பயிரன்று. கீழ்க்கிளையில் காய் முற்றும்போது நடுவில் பூ மலரும், மேலே சப்பை கட்டும், நுனி இன்னும் வளரும். உணவு இலைக்கா காய்க்கா என்ற போட்டி நாள்தோறும் நடக்கிறது. அமெரிக்காவில் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய காட்மேன் என்ற முறை இந்தப் போட்டியை ஓர் எண்ணாக மாற்றியது. அன்று காலை மலர்ந்த வெள்ளைப் பூக்களில், முதன்மைத் தண்டை ஒட்டிய முதல் இடத்தில், மிக உயரத்தில் இருப்பதைக் கண்டுபிடி. அதற்கு மேலே நுனிவரை எத்தனை கணுக்கள் என்று எண்ணு. பூக்கத் தொடங்கும்போது எட்டு, ஒன்பது இருக்கும். காய்ச்சுமை ஏற ஏற அது குறைந்துவரும். ஐந்துக்கு வந்துவிட்டால், அதற்குப் பிறகு மலரும் பூக்கள் விளைச்சலில் சேர்க்கும் பங்கு சொற்பம். அந்தப் பூக்களைக் காக்க இடும் உரமும் மருந்தும் தண்ணீரும் பெரும்பாலும் நட்டம். பூ வெடிப்பாக மாற ஏறத்தாழ 45 முதல் 50 நாள் ஆகும். மே கடைசி வாரத்தில் மலரும் பூ ஜூலை நடுவில்தான் பஞ்சாகும். அந்தப் பஞ்சுக்காகக் குறுவையைத் தள்ளிப்போடலாமா என்ற கேள்விக்கு இந்த எண் நேரடியாகப் பதில் தருகிறது. பதினைந்தாம் கணுவுக்கு மேல் நுனியைக் கிள்ளிவிடும் பரிந்துரை நம்மிடம் ஏற்கெனவே உண்டு. அதை நாள் பார்த்துச் செய்யாமல் கணு பார்த்துச் செய்வதே துல்லியம்.

அணை திறக்கும் நாளும் நிலையாக இல்லை. 2022-இல் மே 24-இலேயே திறந்தார்கள். 2023-இல் ஜூன் 12. 2024-இல் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரை போயிற்று. 2025-இல் மீண்டும் ஜூன் 12. பருத்தியை எப்போது முடிப்பது என்ற முடிவுக்கு இரண்டு எண்கள் வேண்டும்: மேட்டூரின் நீர்மட்டம், செடியின் கணுக்கணக்கு. முதல் எண் ஊர் முழுக்கத் தெரியும். இரண்டாவதை, எனக்குத் தெரிந்தவரை, யாரும் முறையாக எண்ணிக் குறித்துவைப்பதில்லை. டெல்டாப் பருத்தியில் மிக எளிதாகக் கைக்கு எட்டக்கூடிய லாபம் இந்த இடைவெளியில்தான் கிடக்கிறது என்று நம்புகிறேன்.

பூச்சியைப் பொறுத்தவரை எண்ணும் வழக்கம் பருத்தியில் பழையது. ஆஸ்திரேலியாவின் சிராட்டாக் என்ற கணினி முறையைத் தரவு கொண்டு நடத்தும் பருத்தி வேளாண்மையின் முன்னோடி என்றே சொல்லலாம். 1980-களில் அங்கே பருத்தி வயல்களில் ஆட்கள் செடி செடியாகப் புழுவையும் முட்டையையும் எண்ணி, அந்தக் கணக்கைக் கணினியில் ஏற்றி, மருந்து வேண்டுமா வேண்டாமா என்ற பதிலைப் பெற்றார்கள். கணினியைவிட அந்த எண்ணிக்கைதான் அங்கே அடிப்படை. நம்மிடமும் பொருளாதாரச் சேத நிலை என்ற வரம்புகள் உண்டு. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு, இனக்கவர்ச்சிப் பொறி ஒன்றில் தொடர்ந்து மூன்று இரவுகள் எட்டு அந்துப்பூச்சிகள் விழுந்தால், அல்லது பத்தில் ஒரு பங்கு காய் பாதிக்கப்பட்டிருந்தால், மருந்துக்கு நேரம் வந்துவிட்டது. பி.டி. பருத்தி 2002-இல் அனுமதி பெற்றபோது இந்த எண்ணிக்கை இனித் தேவையில்லை என்று பலர் நினைத்தார்கள். 2006-இல் வந்த இரட்டை மரபணு விதையையும் அந்தப் புழு பத்தாண்டுக்குள் வென்றுவிட்டது. தத்துப்பூச்சியும் வெள்ளை ஈயும் பி.டி.க்குக் கட்டுப்பட்டவை அல்ல. எண்ணாமல் தெளிப்பதற்குப் பணச்செலவு மட்டும் விலையாக இருப்பதில்லை. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தபோது நஞ்சேறி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தேவையற்ற ஒரு தெளிப்பைத் தவிர்க்கும் எண் ஓர் உயிரைக் காக்கும் எண்ணாகவும் இருக்கலாம்.

பூச்சிக்கு வரப்பு தெரியாது. ஒரு மாவில் பொறி வைத்து அறிந்த செய்தி சுற்றியுள்ள வயல்களுக்கும் உரியது. ஒருவர் மட்டும் சரியாக எண்ணிச் சரியான நாளில் தெளித்தாலும், பக்கத்து வயலில் காலங்கடந்த பருத்தி நின்றால் அங்கிருந்து மீண்டும் வரும். ஆகவே பொறி ஒரு வாய்க்காலுக்கோ ஊருக்கோ பொதுவானதாக இருப்பதே அறிவியலுக்குப் பொருத்தம். நாக்பூரிலுள்ள மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனம் பொறிக்குள் கேமரா வைத்து, விழும் பூச்சியைச் செயற்கை நுண்ணறிவால் எண்ணிக் கைப்பேசிக்கு அனுப்பும் கருவியைச் செய்திருக்கிறது. தனி உழவர் தன் மாவுக்கு வாங்கும் கருவியாக அதைப் பார்த்தால் கணக்கு உதைக்கும். ஒரு வாய்க்கால் பாசன சங்கத்தின் கருவியாகப் பார்த்தால் பொருந்தும்.

நீரையும் உப்பையும் பற்றிய எண்கள் வேறொரு வேலையைச் செய்கின்றன. எந்த வயலில் பருத்தி போடக்கூடாது என்பதை அவை சொல்லும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை நிலங்களில் கோடையில் உவர் ஏறும். மண்ணின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே நெல்லின் விளைச்சல் குறையத் தொடங்கும். பருத்தி 7.7 வரை தாங்கும். அந்த இடைவெளிக்குள் வரும் வயல்களில் கோடையில் பருத்தி அறிவுள்ள தேர்வு. ஆனால் உப்பைத் தாங்கும் பருத்தி, தேங்கிய தண்ணீரைத் தாங்காது. களிமண்ணில் இரண்டு நாள் நீர் நின்றால் வேர் மூச்சுத் திணறும், சப்பையும் பிஞ்சும் உதிரும், மண்ணிலுள்ள நைட்ரேட் வாயுவாகிப் போய்விடும். மே மாதக் கோடைமழை அவ்வப்போது டெல்டாப் பருத்தியை இப்படித்தான் அழிக்கிறது. எனவே ஒரு கிராமத்துக்கு முதலில் வேண்டியது உர வரைபடமன்று, மட்ட வரைபடம். எந்த வயல் தாழ்வு, எது எந்த வடிகாலில் விழுகிறது, அந்த வடிகால் தூர்ந்திருக்கிறதா. ஒருமுறை எடுத்தால் பல ஆண்டுகளுக்கு நிற்கும் தரவு இது. தாழ்ந்த வயலுக்கு உளுந்தும் பயறும், மேட்டு வயலுக்குப் பருத்தியும் என்று அது பிரித்துக் காட்டும். நெல் நாட்டில் பருத்தி எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இதுவே என் பதில். எல்லா வயலுக்கும் அது வேண்டாம். பொருந்தாத வயலை அடையாளம் காண்பதும் துல்லியத்தின் வேலை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் 2004-இல் வேளாண்மைப் பல்கலைக்கழகம் தொடங்கிய துல்லியப் பண்ணையத் திட்டம் 400 ஹெக்டேரில், சொட்டுநீரும் அதன் வழியே நீரில் கரையும் உரமும் கொண்டு வெற்றி கண்டதே, அதை அப்படியே டெல்டாவுக்குக் கொண்டுவந்தால் என்ன? அந்த வெற்றி உண்மையானது. ஆனால் அது காய்கறிக்கானது. கிணற்றுப் பாசனம், ஆண்டு முழுவதும் அதே நிலத்தில் கிடக்கும் குழாய்கள், நல்ல விலை தரும் விளைபொருள் என்று அதற்கான சூழல் அங்கே இருந்தது. டெல்டாவில் ஜூனில் குழாயைச் சுருட்டி எடுத்தால்தான் சேற்றுழவு செய்ய முடியும், பிப்ரவரியில் மீண்டும் விரிக்க வேண்டும். ஆழ்குழாய்க் கிணறும் மின்மோட்டாரும் உள்ளவருக்கு அது இயலலாம், பெரும்பாலோருக்கு இயலாது. தருமபுரியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. அங்கே உழவர்கள் குழுக்களாகப் பதிவு செய்துகொண்டு, இடுபொருளைச் சேர்ந்து வாங்கி, விளைச்சலைச் சேர்ந்து விற்றார்கள். அந்தக் கூட்டமைப்பு நெல் வயலிலும் நிற்கும்.

செயற்கைக்கோளை ஒதுக்கிவிட்டேன் என்றும் யாராவது கருதலாம். அப்படியில்லை. வடகிழக்குப் பருவமழைக்காலத்துச் சம்பாவை மேகம் மறைப்பதால், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் ரேடார் படங்களைக் கொண்டு டெல்டாவின் நெல் பரப்பை அளந்து வருகிறார்கள், பயிர்க் காப்பீட்டிலும் அது பயன்பட்டிருக்கிறது. கோடைப் பருத்திக்கு அந்தச் சிக்கல் குறைவு. பிப்ரவரி முதல் மே வரை வானம் பெரும்பாலும் தெளிவு, ஐந்து நாளுக்கு ஒரு படம் இலவசமாகக் கிடைக்கிறது. அந்தப் படத்தால் ஒரு மாவுக்குள் நடப்பதைச் சொல்ல முடியாது. ஆனால் ஓர் ஊரின் இருநூறு பருத்தி வயல்களில் எவை பின்தங்குகின்றன என்று சொல்ல முடியும். காரணம் பூச்சியா, வேரழுகலா, தண்ணீரா என்பதை நடந்துபோய்ப் பார்த்தால்தான் தெரியும். எங்கே முதலில் நடந்து போவது என்பதைச் சொல்வதே அதன் பயன்.

மிகக் கடுமையான மறுப்பு விலையைப் பற்றியது. 2022 மே மாதத்தில் 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அடுத்த ஆண்டே விலை சரிந்தது. இவ்வளவு ஏறி இறங்கும் சந்தையில் ஒரு தெளிப்பை மிச்சம் பிடிப்பதால் என்ன ஆகிவிடும்? விலை வீழ்ந்த ஆண்டில்தான் செலவில் மிச்சம் பிடித்த ஒவ்வொரு ரூபாயும் கடனுக்கும் கடனின்மைக்கும் நடுவே நிற்கிறது என்பது என் பதிலின் ஒரு பாதி. மறுபாதி ஈரப்பதத்தைப் பற்றியது. இந்தியப் பருத்திக் கழகம் முழு ஆதரவு விலை தர 8 சதவீத ஈரப்பதத்தை அளவாகக் கொள்கிறது. அதற்கு மேல் 12 வரை விலையில் கழித்துக்கொண்டு வாங்கும், அதையும் தாண்டினால் வாங்காது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டைக்குள் செருகும் அந்த ஈரமானிதான் பல உழவர்களுக்கு இந்தப் பயிரில் முதன்முதலாக எதிர்ப்படும் துல்லியக் கருவி. பருவம் முழுவதும் அளவீடே இல்லாமல் வளர்ந்த பஞ்சை, கடைசி நாளில் விலை குறைப்பதற்காக அளக்கிறார்கள். அதே கருவி ஒன்று ஊரில் இருந்து, பனி உலர்ந்தபின் எடுத்து நிழலில் காயவைத்த பஞ்சு எத்தனை சதவீதம் என்று எடுத்துச் செல்லும் முன்பே தெரிந்தால், ஏலத்தில் பேசும் குரல் மாறும்.

யாருடைய கையில் இந்த எண்கள் இருக்க வேண்டும் என்ற கேள்விக்குத் தஞ்சைப் பகுதியின் நிலவுடைமையைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. கோயில் நிலம், மடத்து நிலம், ஊரைவிட்டுப் போனவரின் நிலம் என்று குத்தகைச் சாகுபடி இங்கே மிகுதி. மண்வள அட்டையும் காப்பீடும் மானியமும் பெரும்பாலும் பட்டாவைத் தேடிப் போகின்றன, சேற்றில் நிற்பவரைத் தேடி வருவதில்லை. அடுத்த ஆண்டு அதே நிலம் கிடைக்குமா என்று தெரியாத குத்தகைதாரர், ஐந்து ஆண்டு கழித்துப் பலன் தரும் வரைபடத்தில் பணம் போட மாட்டார், போடவும் முடியாது. ஆனால் இந்த வாரத்துக் கணுக்கணக்கும், இந்த வாரத்துப் பொறிக்கணக்கும், இந்த ஏலத்துக்கான ஈரப்பதமும் அவருக்கு இந்தப் பருவத்திலேயே திரும்ப வரும் முதலீடு. மட்டமும் வடிகாலும் உவரும் ஊருக்கு உரியவை, அவற்றை அரசும் ஊராட்சியும் எடுத்துப் பொதுவில் வைக்க வேண்டும். வாரக் கணக்குகள் பயிரிடுபவருக்கு உரியவை, அவர் குத்தகைதாரரா உரிமையாளரா என்று கேட்காமல் அவர் பெயரிலேயே அவை பதிவாக வேண்டும். மருந்து விற்பவரின் செயலியில் அந்தக் கணக்கு போய்ச் சேர்ந்தால், எட்டு அந்துப்பூச்சி என்ற வரம்பு ஆறாகவும் ஐந்தாகவும் சுருங்குவதைத் தடுக்க யாரும் இருக்க மாட்டார்கள். பொறியை வைப்பவர், எண்ணுபவர், வரம்பைச் சொல்பவர் ஆகிய மூவரில் ஒருவரும் மருந்து விற்பவராக இருக்கக் கூடாது என்ற ஒரு விதியை மட்டும் ஊர்ச் சங்கம் எழுதிக்கொண்டு தொடங்கலாம்.